கல்பட்டறைக்கு மேலே ஒரு செயற்கைக்கோள்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மாமல்லபுரத்தில் உடைந்த போனைச் சரிபண்ணப் போன இடத்தில் கிடைத்த கதை இது. கடைக்காரர் ஜஹனாரா. மாடியில் ஆன்டெனா நின்றது. எதற்கு என்று கேட்டேன். அவர் சொல்லச் சொல்ல எனக்கு எழுதக் கை பரபரத்தது. (நேரில் ‘நீங்கள்’. கதைக்குள் ‘அவள்’. பொறுத்துக்கொள்வார்.)

முதல் வாக்கியம்: ‘விண்வெளியின் எல்லையற்ற மௌனத்தில்...’

வேண்டாம். பக்கத்திலேயே கல்பட்டறை. மௌனமாவது ஒன்றாவது!

2

அறுபது வருஷத்துக்கு முன்னால், பூமியின் காந்தப்புலத்தை மேலிருந்து அளக்க ஒரு செயற்கைக்கோளை அனுப்பினார்கள். (பெயர் வைத்தேன், பிடிக்காமல் அடித்துவிட்டேன்.) பாட்டரி செத்ததும் எல்லோரும் அதை மறந்துபோனார்கள். ஆனாலும் சூரியத் தகட்டில் வெயில் பட்டால் அதன் ரேடியோ இன்னும் முனகும். ஜஹனாரா எத்தனையோ மாதமாகக் காத்திருந்தும் அது காதில் விழவில்லை. பக்கத்துப் பட்டறை ரஞ்சித்குமாரின் கல்லறுக்கும் மெஷின் ஓடினால் அவள் ரேடியோவில் வெறும் இரைச்சல்தான்.

இப்போது அது எரிந்து விழப்போகிறது என்று செய்தி. அன்று சாயங்காலம் இந்தக் கரைக்கு மேலே வரும். அவள் பட்டறைக்கு ஓடினாள்.

“ரஞ்சித்து, மெஷின நிறுத்துப்பா!”

“இன்னாக்கா பேஜாரு பண்றே? லாரி வந்துகினு கீது. நந்தி பீடம் இன்னும் அறுக்கல.”

“கொஞ்ச நேரம்தான். அது சாவப்போவுது!”

“யாரு?” பதறிப்போய்ச் சுவிட்சை அணைத்தான்.

(இவனை வில்லனாக்கத்தான் நினைத்திருந்தேன். என்னைக் கேட்காமல் அணைத்துவிட்டான்.)

3

விஷயம் தெரிந்ததும், “அடச்சே, இதுக்கா?” என்றான். ஆனாலும் அவள் பின்னாலேயே மாடியேறினான்.

அவள் ஆன்டெனாவை வடக்கே பிடித்தாள். ஒன்றுமில்லை. மெல்லத் திருப்பினாள். இன்னும் ஒன்றுமில்லை. பிறகு, நூல் மாதிரி ஒரு விசில்! தலைக்கு மேலே வந்து, கடல் பக்கம் போகப்போகச் சுருதி இறங்கியது.

“யக்கா, பேசுதுக்கா!” ரஞ்சித்குமார் கத்தினான்.

ஜஹனாரா சிரித்தாள், கண்ணைத் துடைத்தாள், மறுபடி சிரித்தாள்.

4

முடிவு ஒன்று: அது கடலில் விழுகிறது, அவள் கடையை... (அழுகாச்சி. அடித்தாயிற்று.)

முடிவு இரண்டு: பத்திரிகைக்காரர்கள்... (பொய்.)

நடந்தது இவ்வளவுதான். கீழே லாரி ஹாரன் அடித்தது. ரஞ்சித்குமார் கைப்பிடிச் சுவரிலிருந்து எட்டிப்பார்த்து, “டீ குடிச்சிட்டு வா அண்ணாத்த! பூமிய ஒரு ரவுண்டு அடிச்சிட்டுத் திரும்பி வருமாம்!” என்றான்.

அது வரலாம். அதற்குள் எரிந்தும் போகலாம். ஜஹனாரா என்னிடம் மேலே சொல்ல வாயெடுத்தார். அதோடு நிறுத்தச் சொல்லிவிட்டேன். கதையில் லாரி டிரைவரும் மாடிக்கு வந்துவிட்டார். மூன்று பேரும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். நீங்களும் ஏறி வாருங்கள், இடமிருக்கிறது.