கேட்டால் கையைத் தூக்கவும்

சாப்பிட்ட தட்டுகளை ஒதுக்கிவிட்டு டெஸ்ஸா கைபேசியை மேசை நடுவில் வைத்தாள். பதினோராம் வகுப்பு இயற்பியல் வீட்டுப்பாடம்: வீட்டில் யாருக்கு எந்த அதிர்வெண் வரை காது கேட்கிறது என்று சோதித்து எழுத வேண்டும்.

"கேட்டா கையத் தூக்கணும். அவ்வளவுதான்."

அம்மா நொரீன் பன்னிரண்டாயிரம் ஹெர்ட்ஸோடு நிறுத்திக்கொண்டாள். அப்பா கார்த் பதினாறாயிரத்திலும் தூக்கினார். தங்கச் சுரங்கத்தில், பாறை வெடிக்கும் சத்தத்துக்குள்ளேயே பாதி ஆயுளைக் கழித்தவர்.

"எனக்கு நாய்க்காது, தெரியும்ல?" என்று சிரித்தார்.

டெஸ்ஸாவுக்கு எங்கோ இடித்தது. அவர் கண் அவளுடைய கட்டைவிரலை விட்டு அசையவில்லை. ஒலியை முழுக்க அணைத்துவிட்டுத் திரையைத் தொட்டாள். அவர் கையைத் தூக்கினார்.

"அப்பா, பித்தலாட்டம்! சத்தமே வைக்கல நான்," என்று அவள் சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை. "சுவத்தப் பாத்து உக்காரு. இப்ப ஒழுங்கா," என்றாள் டெஸ்ஸா.

அவர் தயங்கித் தயங்கி நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். ஐந்நூறுக்குக் கை எழுந்தது. ஆயிரத்துக்குச் சற்றுத் தாமதமாக எழுந்தது. மூவாயிரத்துக்கு முழங்கால்மேலேயே கிடந்தது. டெஸ்ஸா ஒலியைக் கூட்டிக்கொண்டே போனாள். அம்மா காதைப் பொத்திக்கொண்டாள். கை அசையவில்லை.

"அப்பா," என்று சாதாரணமாகக் கூப்பிட்டாள். பரீட்சைக்கு உட்கார்ந்த பையனைப் போல அவர் சுவரைப் பார்த்தபடி காத்திருந்தார்.

"ரொம்ப நாளாவே இப்படித்தான்," என்றாள் அம்மா. "கம்பெனி காது டெஸ்ட்ல நர்ஸ் கையப் பாத்தே பாஸாயிடுறாரு. நீ பாட்டுக்கு ஸ்கூல்ல எழுதிக் குடுத்துடாத."

போன மாதம் சுரங்கத்துக்குள் கார்த் பின்னோக்கி எடுத்த லோடர் வண்டிக்கும் பாறைச் சுவருக்கும் இடையில் சிக்கி லாயல் செத்துப்போனான். இதே தெருக்காரன். 'அவன் ஒரு குரல் குடுத்திருந்தா நிறுத்தியிருப்பேன்' என்று விசாரணையில் கார்த் சொன்னதை ஊரே நம்பியது. லாயலின் மனைவி மார்லீன் மட்டும் கடை வரிசையில் நின்று பார்ப்பவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "எம் புருஷன் நாய அதட்டுனா தெருவே திரும்பிப் பாக்கும். அந்த மனுஷன் சத்தம் போடாம செத்தானாம்!"

டெஸ்ஸா கைபேசியைக் கீழே வைத்தாள். "அம்மா, லாயல் கூப்பிட்டிருப்பாருல்ல?"

"மெதுவாப் பேசு," என்றாள் நொரீன். யாருக்குக் கேட்டுவிடப்போகிறது என்று அவளுக்கே உறைத்திருக்க வேண்டும். புறங்கையால் வாயை மூடிக்கொண்டாள்.

டெஸ்ஸா அப்பாவின் முன்னால் போய் மண்டியிட்டாள். ஒவ்வொரு சொல்லாகப் பிரித்துக் கேட்டாள்.

"லாயல் உன்னக் கூப்பிட்டாரா?"

அவர் அவள் உதட்டைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

"வண்டிக் கண்ணாடியில தெரிஞ்சான். வாய் தொறந்திருந்துச்சு." தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஷிப்டு முடியிற நேரம். கொட்டாவி விடுறான்னு நெனச்சேன்."

"இது இந்த வீட்டத் தாண்டக்கூடாது," என்றாள் நொரீன், மகளின் தோளை இறுகப் பற்றியபடி. அன்றைக்கு வீட்டுப்பாடம் எழுதப்படவில்லை.

மறுநாள் காலை டெஸ்ஸாவின் பள்ளிப் பேருந்து தெருமுனையைத் திரும்பியபோது, சுரங்கத்துக்குப் போயிருக்க வேண்டிய அப்பாவின் வண்டி மார்லீன் வீட்டு வாசலில் நின்றது. வேலிக்கு உள்ளே நீர்க்குழாயைப் பிடித்தபடி மார்லீன் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள். தண்ணீர் அவள் கால்மேலேயே கொட்டிக்கொண்டிருந்தது. கார்த் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, கழுத்தை முன்னால் நீட்டி, அவள் உதடுகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.