சௌந்திரத்தின் மொழிக்கு நான் எழுதிய குற்றப்பத்திரிகை

விடியற்காலை ஐந்து மணிக்குத்தான் கரண்ட் ஒழுங்காக வரும். ஊர் விசைத்தறிகள் எல்லாம் ஓட ஆரம்பித்துவிட்டால் வோல்டேஜ் விழுந்து கம்ப்யூட்டர் படுத்துக்கொள்ளும். அதனால் எண்பத்தேழாம் வருஷத்தில், சேலம் ஐந்து ரோட்டுப் பக்கத்து மாடியொன்றில், நாங்கள் எட்டுப் பேரும் இருட்டோடு வேலைக்கு உட்கார்ந்தோம். குளிர்சாதனம் மெஷினுக்காக. செல்லாயி முதலான ஆறு பெண்கள் போர்வையைச் சுற்றிக்கொண்டு நூல் மில் தொழிலாளர்களின் வருகைப் பதிவைத் தட்டிக்கொண்டே இருப்பார்கள். விரல் நுனி மரத்துப்போகும், கண் மிளகாய் பட்டதுபோல் எரியும். கக்கூசுக்குப் போக வேண்டுமென்றால் கீழே டீக்கடைக்காரர் தயவு வேண்டும். மெஷினுக்குக் கிடைத்த மரியாதையில் கால்வாசி எங்களுக்குக் கிடைத்திருந்தால் இதை நான் எழுதியே இருக்க மாட்டேன்.

புரோகிராம் எழுதுகிறவர்கள் இரண்டு பேர். நான் குழந்தைவேல், ராசிபுரத்துத் தறிக்கார வீட்டுப் பையன். பெரிய மெஷினில் கோபோல் மொழியில் எழுதுவேன். சௌந்திரம் பரமத்தி வேலூர்ப் பெண். அப்பாவுக்கு வெற்றிலைக் கொடிக்கால். அவள் சின்ன மெஷினில் பேசிக் மொழியில் எழுதுவாள். எங்களுக்குள் ஒத்துப்போகவே போகாது.

"ஏனுங்ணா, ரெண்டு நம்பரைக் கூட்டறதுக்குக் கல்யாணப் பத்திரிகை மாதிரி இத்தனை நீட்டி எழுதோணுமா?" என்பாள்.

"உன்ற மொழி டவுன் பஸ் கண்டக்டர் அம்மணி. இங்க போ, அங்க போன்னு கத்தறதைத் தவிர என்ன தெரியும்?" என்பேன்.

விளையாட்டில்லை. என் மொழியைக் குறை சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு புள்ளி விட்டுப்போனால் பக்கம் பக்கமாகப் பிழைப் பட்டியலைக் கக்கும் அந்த மொழியோடு மல்லுக்கட்டி, அதன் மேல் பைத்தியமாகவே ஆகியிருந்தேன். வாரக்கணக்கில் நாங்கள் பேசாமல் இருந்ததும் உண்டு.

முதலாளி அர்த்தநாரி ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரிகளில் சம்பாதித்தவர். கம்ப்யூட்டர் தெரியாது, ஆளைத் தெரியும். ஒரு நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ரெண்டு மொழி வெச்சுக் கட்டுபடியாகாது தம்பி. அந்தப் புள்ளையோட மொழியில என்னென்ன ஓட்டைன்னு எழுதிக் குடு. மொழியைப் பத்தித்தான், ஆளைப் பத்தியில்ல."

அன்று சாயங்காலமே மூன்று பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். என்ன சந்தோஷம்! சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

திங்கட்கிழமை ஆறு மணிக்கு அவர் எல்லார் முன்னாலும் நின்று அதைப் படித்தார். "'கட்டுப்பாடு இல்லாத மொழி. பொறுப்பில்லாதவர்களுக்கு உகந்தது.' நாஞ் சொல்லலீங்க, கூட வேலை செய்யறவன் சொல்றான். அம்மணி, நீ இன்னையோட நின்னுக்க."

சௌந்திரம் நாற்காலியிலிருந்து எழுந்தாள். வேலை போனால் வீட்டில் தை மாதம் அவளை மோகனூர் மாப்பிள்ளைக்குக் கட்டிக்கொடுத்துவிடுவார்கள் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

"என்ற சர்டிபிகேட்டுங்க?"

"மூணு வருசம் இருக்கறேன்னு பாண்டு எழுதிக் குடுத்திருக்கறே. அதுவரைக்கும் பீரோவுலதான் இருக்கும்."

"நீங்கதானுங்க நிறுத்தறீங்க!"

அவர் என் தாள்களை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். சர்டிபிகேட் இல்லாமல் வேறெங்கே வேலை கேட்பாள்? எங்கள் எட்டுப் பேர் சர்டிபிகேட்டும் அதே பீரோவில்தான் கிடந்தது.

"தம்பி, அவ எழுதுனதையெல்லாம் மாசக் கடைசிக்குள்ள உன்ற மொழிக்கு மாத்திரு."

எங்கிருந்து தைரியம் வந்ததோ, "முடியாதுங்க" என்றேன். "அந்த மூணு பக்கத்தைத் திமிருல எழுதினேனுங்க. அதை வெச்சு ஒருத்தரை அனுப்பாதீங்க."

அவர் சிரித்துக்கொண்டே மேசை இழுப்பறையைத் திறந்து வேறு மூன்று தாள்களை எடுத்தார். "உன்ற மொழியைப் பத்தி அவ எழுதிக் குடுத்தது. படிக்கட்டுமா? சரி அம்மணி, நீ அவனோடதை மாத்திக் குடு. நீ இரு, அவன் போகட்டும்."

அவள் சரியென்றால் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. முந்தானையை முறுக்கிக்கொண்டே அவள் முதலாளி பக்கம் திரும்பினாள்.

"நானும் திமிருலதானுங்க எழுதினேன். மாத்தித் தர மாட்டேனுங்க."

தட்டும் சத்தம் நின்றது. செல்லாயி போர்வையை மடித்து வைத்துவிட்டு எழுந்தாள். "ரெண்டு பேரு எழுதறதும் எங்க கைவழியாத்தானுங்க மெஷினுக்குள்ள போவுது. யாரைத் தொரத்தினாலும் நாங்க தட்டறதில்லீங்க."

"எல்லாரும் வெளிய போங்க!" என்று கத்தினார் அர்த்தநாரி. பீரோ சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

படியிறங்கினோம். வீராப்பெல்லாம் டீக்கடை வரைக்கும்தான். கையில் காகிதம் இல்லை, சங்கம் இல்லை, நாளைக்கு என்ன செய்வதென்று ஒருவருக்கும் தெரியவில்லை. "ஊட்டுல என்னன்னு சொல்றது?" என்று சௌந்திரம் அழுதாள்.

"நாளைக்கும் அஞ்சு மணிக்கு வருவோம். இந்தப் படியில உக்காருவோம். வேற என்ன தெரியும் நமக்கு?" என்றாள் செல்லாயி.

மறுநாள் உட்கார்ந்தோம். அர்த்தநாரி எங்களைத் தாண்டி மேலே போனார். முந்தின நாளே பரமத்தி வேலூருக்கு அவர் போன் போட்டுவிட்டார் என்பது ஏழு மணிக்குத்தான் தெரிந்தது. சௌந்திரத்தின் அப்பா தங்கசாமி துண்டால் முகத்தைத் துடைத்தபடி வந்து நின்றார். அவ்வளவுதான், கூட்டிக்கொண்டு போய்விடுவார் என்று நினைத்தேன்.

"உங்க மொதலாளி புள்ளையை வந்து கூட்டிட்டுப் போகச் சொன்னாரு. படிச்ச காகிதம் எங்க சாமி?" என்று மகளைக் கேட்டார்.

"மேல பீரோவுலங்கப்பா. எல்லாத்துதும் அங்கதான் இருக்குது."

"எல்லாத்துதுமா?" எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "நெலத்துப் பத்திரத்தைப் புடுங்கி வெச்சுக்கிட்டா வெவசாயி சும்மா போயிருவானா?"

"காகிதத்தை வாங்கினதுக்கு அப்பறம் என்னைய ஊட்டுக்குக் கூப்புடுவீங்களாப்பா?"

"அதை அப்பறம் பேசலாம். மொதல்ல நகந்து உக்காரு."

சௌந்திரம் என் பக்கம் நகர்ந்து அப்பாவுக்கு இடம் விட்டாள். நாங்கள் ஒன்பது பேரானோம்.