பெயர் என்ற கட்டம்

அலுவலகத்தில் அவளுக்குச் சட்டாம்பிள்ளை என்று பட்டப்பெயர். பாட்டு, படம், கதை எதுவானாலும் பிளாக்செயின் என்ற அழிக்கமுடியாத கணினிப் பதிவேட்டில் பதிந்து, இது இன்னாருடையது என்று சான்று தரும் நிறுவனம் அது. பதிவெல்லாம் சட்டப்படி இருக்கிறதா என்று பார்ப்பது அவள் வேலை. அவளைத் தாண்டி ஓர் எறும்பும் உள்ளே போகாது.

அப்பேர்ப்பட்டவள் வீட்டிலேயே ஓட்டை. பன்னிரண்டு வருடத்துக்கு முன் அக்கா தன் கைக்குழந்தைக்கு ஒரு தாலாட்டுக் கட்டினாள். "பதிஞ்சு வை அக்கா" என்று நச்சரித்தது தங்கையான இவள்தான். படிவத்தில் 'பெயர்' என்ற கட்டம். பாட்டின் பெயரைக் கேட்கிறது. அக்கா குழந்தையின் முழுப்பெயரைப் போட்டு, பிறந்த தேதியையும் சேர்த்துவிட்டாள். சட்டாம்பிள்ளை படித்தே பார்க்கவில்லை. சொந்த அக்கா ஆயிற்றே!

இப்போது பாட்டு பிரபலமாகிவிட்டது. பள்ளிப் பிள்ளைகள் பதிவைத் தேடிப் பிடித்து, பெயரையும் சேர்த்து இழுத்து இழுத்துப் பாடுகிறார்கள்.

"சித்தி, எம்பேரை எடுத்துடு. இல்லேன்னா ஸ்கூலுக்கே போகமாட்டேன்" என்று தேம்பினாள் அக்காவின் பெண்.

கேட்டால் முப்பது நாளில் நீக்கு என்கிறது சட்டம். எழுதியது எழுதியதுதான் என்கிறது பிளாக்செயின். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. ஒரே வழி, பதிவைத் திறந்து காட்ட நிறுவனம் வைத்திருக்கும் கணினிச் சாவியை அழிப்பது. பிறகு பெயரை யாரும் படிக்க முடியாது. பாட்டு அக்காவுடையது என்ற சான்றும் கூடவே போய்விடும். அக்கா பெயரில் மறுபடி பதிந்தாலோ, அம்மா பெயரை வைத்தே பிள்ளைகள் பெண்ணைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

மதிய வெயிலில் திரையைப் பார்த்தபடியே கண் சொருகியது. ஓர் அறை, அதற்குள் ஓர் அறை, அதற்குள்ளும் ஓர் அறை. எங்கும் யாரோ மெல்ல முணுமுணுத்தார்கள். கடைசி அறையில் இளவயது அக்கா, மடியில் குழந்தை.

"கதவைச் சாத்துடி, பாப்பா தூங்குது."

சாத்தினாள். விழித்தபோது கன்னம் ஈரமாயிருந்தது.

நிஜ அக்கா ஒப்புதல் தாளைப் படிக்காமலே கையெழுத்திட்டாள். அன்றே சாவி அழிந்தது.

இரண்டு மாதம் கழித்து, ஒரு தாலாட்டைத் தன் பெயரில் பதியச் சொல்லி வேறொரு நிறுவனத்தின் விண்ணப்பம் வந்தது. அதே மெட்டு, அதே வரிகள், பழுதில்லாத தாள்கள். மறுக்கலாம்தான்; ஆதாரம் கேட்பார்களே. ஆதாரத்தை அழித்தவளே அவள்தானே! அக்காவை அழைத்தாள்.

"யார் எழுதினதுன்னு போட்டிருக்காங்க?"

"அவங்களேதான்னு."



"பாப்பா பேரு எங்கயும் இல்லையே?"

"இல்லக்கா."

"அப்ப சரி" என்றாள் அக்கா.

சட்டாம்பிள்ளை அனுமதி கொடுத்தாள்.