இரண்டாவது ஃபைல்

ஆஸ்பத்திரியின் கதிர்வீச்சுப் பிரிவு வாசலில் முகமது யூசுபைப் பார்த்ததுமே சந்தானம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஓடி ஒளியவா முடியும்? கையில் டோக்கன், இடது காதில் ஓயாத இரைச்சல்.

"சார்!" என்று சிரித்தார் யூசுப். பாதி முகம்தான் சிரித்தது. காது நரம்புக் கட்டியைக் கத்தி வைத்து எடுத்த நாளிலிருந்து மறுபாதி தொங்கிப் போய்க் கிடக்கிறது. கண் சரியாக மூடாமல் வேலையையும் விட்டாயிற்று. மூன்று வருஷத்துக்கு முன் மனிதர் கேட்டதென்னவோ ஒரே நாளில் முடிகிற கதிர்வீச்சைத்தான். "கேன்சர் அல்ல, கதிர்வீச்சு தேவையில்லை" என்று ஃபைலைத் திருப்பியடித்த மகானுபாவர் ஆபீஸ் மருத்துவச் செலவுப் பிரிவு சூப்பரிண்டெண்ட் சந்தானமேதான். இன்று அதே கட்டி அவருக்கு. அவர் ஃபைல் மட்டும் இரண்டே நாளில் கையெழுத்தாகி வந்துவிட்டது. வெட்கக்கேடு!

யூசுப் வலது பக்கமாக வந்து உட்கார்ந்தார். "அந்தக் காது கேட்காதுல்ல? பயப்படாதீங்க சார், சாயங்காலமே வீட்டுக்குப் போயிடலாம்."

அந்தக் கரிசனம் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. "பாய், உங்க ஃபைல்ல அப்படி எழுதினது..."

"நீங்கதான். கையெழுத்து இருந்துச்சே. அதை விடுங்க. நீங்க இன்னிக்கு இங்கன்னு ஆபீஸ்ல சொன்னாங்க. உப்பல்லேர்ந்து ரெண்டு பஸ் மாறி வந்ததே வேற விஷயமா. நம்ம ஆபீஸ் ஸ்டோர்ஸ் வர்ஷினிக்கும் இதே கட்டி. இன்னும் கொஞ்சம் வளர்ந்தா கதிர்வீச்சுக்கு ஆகாதாம், கத்திதானாம். மூணு வாரமா ஃபைல் எங்க இருக்குன்னே தெரியலைன்னு அழுவுது. எப்படி எழுதினா நடக்கும்னு உங்களுக்குத் தெரியும். எழுதிக் கொடுங்க சார். என் கதி அந்தப் பொண்ணுக்கு வேண்டாம்."

ஃபைல் எங்கே என்று சந்தானத்துக்குத் தெரியாதா என்ன! ஒரே மாசத்தில் இரண்டு பேருக்குக் கதிர்வீச்சென்றால் ஆடிட்டில் குடைவார்கள், முதலில் நம்முடையது போகட்டும் என்று அதைத் தன் டிராயரில் போட்டுப் பூட்டியதே அவர்தான். சீ, என்ன பிறவி நான் என்றிருந்தது.

"சந்தானம் காரு!" உள்ளேயிருந்து நர்ஸ் தெலுங்கில் கூப்பிட்டாள்.

"ஒக்க நிமிஷம்மா." ஆபீஸுக்குப் போன் போட்டார். எடுத்தது கிளார்க் நித்யஸ்ரீ.

"அம்மா, வர்ஷினி ஃபைல் என் டிராயர்ல இருக்கு. இன்னிக்கே டைரக்டர்கிட்ட கொண்டு போ, அவசரம்னு சொல்லு."

"டிராயர் பூட்டியிருக்கே சார்?"

"ஆமா. நான்தான் ஒளிச்சு வெச்சேன். சாவியை யூசுப் பாய் கொண்டு வருவார்."

சாவியை எடுத்து நீட்டினார். நிமிர்ந்து பார்க்கத் துணிவில்லை. சாவி கையிலிருந்து போனபிறகுதான் தலையைத் தூக்கினார்.

யூசுபின் முகத்தில் இப்போது அந்தப் பாதியும் சிரிக்கவில்லை.