பதினேழாம் பக்கத்தில் ஒரு திருத்தம்

2022ஆம் ஆண்டு மார்ச் மாதம் பதினான்காம் தேதி, திங்கட்கிழமை, முற்பகல் பதினொன்றே கால் மணி. எங்கள் பல்கலைக்கழக முன்னாள் மாணவர் சங்கத்தின் அரையாண்டு இதழ் அன்று மாலை ஐந்து மணிக்குள் அச்சகத்துக்குப் போயாக வேண்டும். பதினேழாம் பக்கமாகிய ‘நம்மவர் செய்திகள்’ என் பொறுப்பு. பணி, திருமணம், மகப்பேறு, மறைவு என்று நான்கே தலைப்புகள். மறைவுச் செய்தி நீங்கலாக, பட்டதாரி தம் கையால் நிரப்பிக் கையெழுத்திட்ட படிவம் இல்லாமல் ஒரு வரியும் ஏறாது. பதினோரு ஆண்டுகளாக இதுதான் ஒழுங்கு. மகனுக்கு அடுத்த மாதம் மேலாளர் பதவி நிச்சயம் என்று தொலைபேசியில் குழைந்த ஒரு தகப்பனாரிடம், “கிடைச்சப்புறம் அவரையே எழுதச் சொல்லுங்க” என்று சொல்லி வைத்தவள் நான்.

படிவங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்த சங்கச் செயலாளர் ஒரு தாளை என் முன் நகர்த்தினார். அவர் என் வகுப்புத் தோழர். படிக்கும் காலத்திலிருந்தே எங்களுக்கு அவர் ‘லேட்டு’.

“ஒரே நாற்காலியில ரெண்டு பேர் உட்கார்ந்திருக்காங்களே, தாயே.”

மருந்து நிறுவனம் ஒன்றின் தரக்கட்டுப்பாட்டுத் துறைத் தலைவராகத் தான் சென்ற செப்டம்பரில் பொறுப்பேற்றதாக ஒரு பெண் எழுதியிருந்தாள். அதே நிறுவனம், அதே பதவி, அதே மாதம். சென்ற இதழில் அந்தப் பதவிக்கு எதிரே, இதே பல்கலைக்கழகத்தில் படித்த என் மகளின் பெயர் அச்சாகியிருந்தது.

அந்த வரிக்குப் படிவம் இல்லை. அந்த நிறுவனத்தில் ஏற்கெனவே வேலை பார்த்துவந்த மகள், தலைவர் பதவியைத் தருவதாகச் சொல்கிறார்கள், யோசித்துச் சொல்கிறேன் என்று தொலைபேசியில் சொன்னாள். அவள் யோசிப்பதை நான் அறிவேன். யோசித்து யோசித்தே இரண்டு வாய்ப்புகளை நழுவவிட்டவள். அச்சில் வந்துவிட்டால் மறுக்க மாட்டாள் என்று கணக்குப் போட்டு நான்தான் அதை எழுதினேன். அதன்பின் வேலையைப் பற்றிக் கேட்டபோதெல்லாம் “போகுது” என்றாள். அந்த ஒற்றைச் சொல் எனக்குப் போதுமானதாக இருந்தது.

எழுந்து ஜன்னலைச் சாத்தினேன். புழுங்கியது, மறுபடி திறந்தேன். பிறகு அவளை அழைத்தேன். குழாய்த் தண்ணீர் குப்பியில் விழும் ஓசை கேட்டது.

“சொல்லும்மா.”

“எங்க இருக்க?”

“வேலையில.”

“எந்த வேலையில?”

தண்ணீர் நின்றது.

“தெரிஞ்சுடுச்சா? நகராட்சியோட தண்ணீர்ப் பரிசோதனைக் கூடம். ஆறு மாசமாச்சு. காலையில தெருத் தெருவாப் போய்த் தண்ணி பிடிப்பேன். மத்தியானம் உட்கார்ந்து சோதிப்பேன். எனக்குப் பிடிச்சிருக்கு.”

“என்கிட்ட ஏன் சொல்லல?”

“யோசிச்சுச் சொல்றேன்னு சொன்னேன். மறு வாரமே நீ ஊருக்கே சொல்லிட்ட. எங்க மாமனார் அந்தப் பக்கத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்காரும்மா. தினமும் அதுக்குக் கீழ உட்கார்ந்துதான் சாப்பிடறோம். அவர் மாட்டின அன்னிக்கு ராஜினாமா கடிதம் என் கைப்பையில இருந்துது.”

“மாப்பிள்ளைக்கு?”

“அவருக்குத் தெரியும். மாமாவுக்குத் தெரியாது.”

“திருத்தம் போட்டா அவருக்கும் தெரிஞ்சுடும்.”

“தெரியட்டும். ஆனா நான் கேட்டேன்னு போடாத. நீ போட்டதை நீயே எடு.”

மீண்டும் தண்ணீர் விழத் தொடங்கியது. அவள் அழைப்பைத் துண்டிக்கவில்லை. குப்பி நிறையும் வரை கேட்டுக்கொண்டிருந்துவிட்டு நானே வைத்தேன்.

செயலாளர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். “அந்தப் பொண்ணோட சேதியை அடுத்த இதழுக்குத் தள்ளிடுவோம். ஆறு மாசம் போனா யாருக்கு ஞாபகம் இருக்கும்? நான் எல்லாத்துக்கும் லேட்டுன்னு ஊருக்கே தெரியும். பழியை என் மேல போடு.”

“அந்தப் பொண்ணோட நாற்காலியை ஒரு தடவை பிடுங்கினது போதும்.”

“உன் பொண்ணு வீட்டுல பிரச்சினை ஆகும், பார்த்துக்கோ.”

“ஆறு மாசமா ஆகிட்டுதான் இருக்கு. எனக்குத்தான் இன்னிக்குத் தெரிஞ்சுது.”

திருத்தத்தை மூன்று முறை எழுதிக் கிழித்தேன். முதலாவதில் ‘தவறுதலாக’ என்ற சொல் இருந்தது. அது உண்மையில்லை. இரண்டாவதில் ‘தாயுள்ளம்’ என்று எழுதியிருந்தேன். வேறு எவரேனும் அதை அனுப்பியிருந்தால் சிவப்பு மையால் அடித்திருப்பேன். மூன்றாவதில் மகளின் புதிய வேலையைச் சேர்த்தேன். அவளிடமிருந்து படிவம் வரவில்லை என்பது அதன் பிறகுதான் உறைத்தது. வெற்றுப் படிவம் ஒன்றை அவளுக்கு மின்னஞ்சலில் அனுப்பினேன். மூன்று மணிக்குப் பார்த்தேன். மூன்றரைக்குப் பார்த்தேன். நான்கு மணிக்கு மேல் எத்தனை முறை பார்த்தேன் என்று சொல்வதற்கில்லை. படிவம் வரவில்லை.

இறுதியில் முடிவானது இது. அந்தப் பெண்ணின் செய்தி ‘பணி’ என்ற தலைப்பின் கீழ் முதலாவதாக அச்சாகும். பக்கத்தின் உச்சியில், சென்ற இதழில் என் மகளைப் பற்றி வந்த செய்தி அவளைக் கேளாமல் நான் எழுதியது, அது உண்மையன்று என்ற திருத்தம் என் கையெழுத்துடன் வரும். பக்கத்தின் அடியில் நான்கு வரிகளுக்கான இடம் மிஞ்சியது. அங்கே எதைப் போடுவது என்று அச்சகத்திலிருந்து கேட்டார்கள். ஐந்து மணி ஆக இரண்டு நிமிடம் இருந்தது. காலியாக விடச் சொன்னேன்.