அமீனா பீவியின் வலக்கண்

1974 தை மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், ஜும்மாவுக்குப் பாங்கு சொல்வதற்குச் சற்று முன்னால், செங்கல்பட்டு பஜாருக்குப் பின்னால் இருக்கும் தெருவில் அமீனா பீவியின் வலது கண்மணி சுண்டைக்காய் அளவுக்கு விரிந்து, வீட்டில் இருந்த வெளிச்சத்தை எல்லாம் குடித்துவிட்டது. இடது கண்மணி எப்போதும்போல மிளகளவுதான் இருந்தது. அந்த வாரம் மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு, வெங்காயம் மலிவு. அவள் கணவர் சௌகத் அலி கரண்ட் போய்விட்டது என்று நினைத்துக் கத்தினார். பட்டப்பகலில் கரண்ட் போனால் சூரியனா அணையும்? அமீனா பீவி திரும்பி அவரைப் பார்த்தபோது அவருடைய வெள்ளைச் சட்டை சாம்பல் நிறமானது. அப்புறம்தான் விஷயம் புரிந்தது.

சௌகத் அலி பஜாரில் அத்தரும் தொப்பியும் விற்பவர். ஆனால் அவர் பேர் நின்றது சுருமாவால். வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் போகிறவர்கள் அவர் கையால் அரைத்த சுருமாவைத்தான் கண்ணில் இழுத்துக்கொண்டு போவார்கள். அதை அரைக்கும் கருங்கல் கல்வம் அவர் வாப்பா விட்டுப்போனது. அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் படக் கூடாது, வெள்ளைத் துணியால் மட்டும்தான் துடைக்க வேண்டும் என்பது குடும்பச் சட்டம். அப்படிப்பட்ட மனிதரின் மனைவிக்கே கண்ணில் கோளாறு என்றால் ஊர் சும்மா இருக்குமா? கடைக்கு வந்தவர்கள் விலை கேட்பதை விட்டுவிட்டுக் காரணம் கேட்டார்கள்.

பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். டார்ச் அணைந்தது. புது பேட்டரிக் கட்டை போட்டு அடித்தார், அதுவும் அணைந்தது. "இப்ப வர்ற கட்டையே சரியில்ல" என்று சொல்லிவிட்டு, கண்மணி ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாவதற்கான காரணங்களை அடுக்கினார். சிலருக்குப் பிறவியிலேயே அப்படி. மண்டையில் அடிபட்டால், மூளைக்குள் ரத்தம் கசிந்தால், கட்டி வந்தால், நரம்பு தளர்ந்தால், கண்ணுக்குள் அழுத்தம் ஏறினால், ஏதாவது மருந்தோ செடிச்சாறோ பட்டால்கூட வரும்.

"கண்ணுல எதனா போட்டீங்களாம்மா?"

"சுருமாதான்" என்றாள் அமீனா பீவி. அதற்குமேல் வாயைத் திறக்கவில்லை.

"என் சுருமாவ பத்தி மட்டும் பேசாதீங்க டாக்டர்!" என்று சௌகத் அலி எகிறினார். எகிறினால் அவருக்கு இரைப்பு வரும், வந்தது. எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை. பிறவி என்று வைத்துக்கொள்ளலாம் என்றார் டாக்டர். அன்றிலிருந்து சௌகத் அலி, எதிரில் வருகிறவர்களின் கண்ணை எல்லாம் உற்றுப் பார்க்க ஆரம்பித்தார். பஸ் கண்டக்டருக்கு லேசாக வித்தியாசம். பிரியாணி மாஸ்டருக்கும் லேசாக. கண்ணாடியில் பார்த்தால் அவருக்கே கொஞ்சம். இத்தனை பேருக்கு இருந்தும் அவர் வீட்டுக் கண் மட்டும்தான் வெளிச்சத்தைக் குடித்தது. இதை நினைக்க நினைக்க அவருக்கு வயிறு எரிந்தது.

கருங்குழியில் ஒரு வைத்தியர் நரம்பு என்று சொல்லி எண்ணெய் கொடுத்தார். திரும்பும் வழியில் வேடந்தாங்கல் ஏரிக்கரையில் அமீனா பீவி சற்று நின்று வானத்தைப் பார்க்க, அந்தியாகிவிட்டது என்று நினைத்து மொத்தப் பறவையும் மதியமே கூடு திரும்பிவிட்டது. உப்புக் காற்று பட்டால் சரியாகும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு மாமல்லபுரத்துக்குக் கூட்டிப்போனார். அங்கே கடலோரம் கருவாடு காயப்போட்டிருந்த சின்னப்பொண்ணு, மணல் இருட்டுவதைப் பார்த்து எழுந்து வந்தாள்.

"யம்மா, கண்ண அந்தாண்ட திருப்பு. காலைலர்ந்து காயுது, இன்னும் ஈரமாவே கீது."

"அவளுக்கு ஏதோ நோவும்மா. காரணம் தெரியாம நாயா அலைஞ்சிகினு கீறேன்" என்றார் சௌகத் அலி.

"காரணம் தெரிஞ்சா மட்டும் கருவாடு காஞ்சிருமா, பாய்?"

அவருக்கு அவள்மேலும் கோபம் வந்தது.

வினை ரம்ஜானில் வந்தது. பள்ளிவாசல் கடிகாரம் நின்றுபோய், மோதினார் வானத்தைப் பார்த்துத்தான் நோன்பு திறக்கப் பாங்கு சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு நாள் அமீனா பீவி துணி எடுக்க மாடிக்குப் போய்ப் பள்ளிவாசல் பக்கம் பார்த்தாள். இருட்டியது. பாங்கு ஒலித்தது. பள்ளிவாசலை நிர்வகிக்கும் முத்தவல்லி ஜெயினுலாபுதீன் பேரீச்சம்பழத்தைக் கடித்து, கஞ்சியும் குடித்து முடித்த நேரத்தில் அவள் கீழே இறங்கிப் போக, மஞ்சள் வெயில் பளிச்சென்று அவர் தாடியில் அடித்தது. ஊர் மொத்தத்துக்கும் அன்றைய நோன்பு போச்சு. ஜமாஅத் கூடிப் பேசியது. காரணம் கண்டுபிடித்துக் கண் சரியாகிறவரைக்கும் அதைக் கட்டியே வைத்திருக்க வேண்டும் என்றார்கள்.

கறுப்புத் துணியால் கட்டினார்கள். இரண்டு வருஷம், மூன்று வருஷம் போயிற்று. கட்டுக்குள்ளே கண் வேர்த்தது, புண்ணானது, ஒரு பக்கமே பார்த்துப் பார்த்து அவள் கழுத்து கோணிக்கொண்டது. கல்யாண வீடுகளில் அவளை ஓரமாக உட்கார வைத்தார்கள், பிறகு கூப்பிடவே இல்லை. அவள் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: "இத அவுக்கலாமாங்க?" காரணம் கிடைக்காமல் எப்படி அவிழ்ப்பது? சௌகத் அலி தர்காக்களுக்குப் போனார், மதராஸுக்குப் போனார். போன இடமெல்லாம் ஆளுக்கொரு காரணத்தைக் கையில் கொடுத்தார்கள், ஒருவரும் கண்ணைக் கொடுக்கவில்லை. ராத்தூக்கமும் போய் இரைப்பும் முற்றிவிட்டது.

1977 மார்கழிப் பனியில் மூச்சு விடவே திணறியபோது, முன்பு போட்டுக் கொடுத்த ஊமத்தை இலைப் புகையை மறுபடி போடச் சொன்னார். அமீனா பீவி காய்ந்த இலையை ஒரு உடைந்த கல்லில் வைத்துத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏன், கல்வத்துல அரைக்கிறதுக்கு இன்னா?"

அவள் கை நின்றது. "கண்ணு இப்பிடி ஆவுறதுக்கு மொத நாளு இந்த எலய அதுலதாங்க அரைச்சேன். அம்மியில மொளகா இருந்துச்சி, உங்களுக்கு இருமும்னு. துணியில தொடைச்சேன். தண்ணி படக் கூடாதுன்னு நீங்கதான சொல்வீங்க. மறுநா நீங்க அதுலயே சுருமா அரைச்சீங்க. நான் வலக்கண்ணுல மூணு இழுப்பு இழுத்தேன், எரிஞ்சிச்சி, எடதுக்குப் போடல."

"மூணு வருஷமா ஏன் சொல்லல?"

"சொன்னா உங்க சுருமாவ யாரு வாங்குவா?"

சௌகத் அலி ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார். அவருடைய மூச்சுக்காக அரைத்த இலை, அவருடைய சட்டத்துக்காகக் கழுவாத கல், அவருடைய பேருக்காகக் கட்டிய வாய். இவ்வளவும் தன் வீட்டுக்குள்ளேயே கிடக்க, ஊரெல்லாம் சுற்றியிருக்கிறார். வெட்கமும் ஆத்திரமும் தாங்காமல் கல்வத்தை முற்றத்தில் வைத்துக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார். கரியாகத் தண்ணீர் ஓடியது. கண்கட்டை விலக்கிப் பார்த்தால் கண்மணி இம்மிகூடச் சுருங்கவில்லை.

கடை போனாலும் போகட்டும் என்று அந்த வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் எல்லார் முன்னாலும் காரணத்தைச் சொல்லிவிட்டார். ஜெயினுலாபுதீன் தாடியைத் தடவிக்கொண்டார்.

"அன்னிக்கு அரைச்ச சுருமாவ நானுந்தான் போட்டேன். இங்க கீற பாதிப் பேரு போட்டாங்க. எங்க கண்ணுக்கு இன்னா ஆச்சு? அது காரணமில்ல பாய். நல்லா விசாரிச்சிகினு வாங்க."

சௌகத் அலி அங்கே கூடியிருந்த கண்களை எல்லாம் ஒரு சுற்றுப் பார்த்தார். எல்லாம் சௌக்கியமாக இருந்தன.

"இனிமே விசாரிக்கிறதுக்கு எனக்குத் தெம்பு இல்ல பாய்" என்றார். "காரணம் இல்லாமயே இருந்துட்டுப் போவட்டும். நீங்க கடியாரத்த ரிப்பேர் பண்ணுங்க."

வீட்டுக்கு வந்து தன் கையாலேயே கண்கட்டை அவிழ்த்து அடுப்பில் போட்டார். அமீனா பீவி முகம் கழுவிக்கொண்டு வாசலுக்கு வந்து இரண்டு கண்ணாலும் தெருவைப் பார்த்தாள். தெரு இருண்டது. எதிர்க்கடைக்காரர் விளக்கைப் போட்டுவிட்டு வியாபாரத்தைத் தொடர்ந்தார். அடுத்த ரம்ஜானுக்குள் கடிகாரம் ஓட ஆரம்பித்திருந்தது. சித்திரை வெயிலில் கைக்குழந்தை தூங்காத வீடுகளிலிருந்து அவளுக்கு ஆள் வந்தது, கல்யாண வீட்டுப் பந்தியிலும் அவளுக்கு இடம் கிடைத்தது.

சௌகத் அலிக்கு மட்டும் இரைப்பு விடவில்லை. பகல் சாப்பாட்டுக்குப் பிறகு தலையணைகளை அடுக்கிச் சாய்ந்துகொண்டு, "அமீனா, கொஞ்சம் இப்பிடி பாரு" என்பார். அவள் அரிசியில் கல் பொறுக்குவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்ப்பாள். தெரு வெயிலில் காய்ந்துகொண்டிருக்க, அவர் மேல் மட்டும் இரவு வரும். அவர் தூங்குகிறவரைக்கும் அவள் கண்ணை எடுக்க மாட்டாள்.