எட்டு உருப்படி

பெரிய கடையின் வாசலில் பையை வாங்கி வைத்துக்கொண்டு டோக்கன் கொடுக்கிற பெண்மணியை யாரும் முகம் பார்த்துப் பேசுவதில்லை. பை உள்ளே போகும், டோக்கன் வெளியே வரும், அவ்வளவுதான். அந்தப் பெண்மணி நான்தான். பதினெட்டு வருடமாக அதே கவுன்ட்டர், சுவரை அடைத்துக்கொண்டு நிற்கும் அதே நூற்றிருபது மர அறைகள். ஈரக் குடைக்குக் கீழ் வரிசை, ஹெல்மெட்டுக்கு மேல் வரிசை, உடையக்கூடியது எதுவானாலும் என் மேஜைக்கு அடியில். இதுவரை ஒரு பைகூட மாறிப் போனதில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

எங்கள் கவுன்ட்டருக்கு ஒரு சட்டம் உண்டு. அது ஆள் இல்லாமல் ஒரு நிமிடம்கூட இருக்கக் கூடாது. தண்ணீர் குடிக்கப் போவதென்றால்கூட இன்னொருவரைக் கூப்பிட்டு நிறுத்தி, உருப்படிகளை எண்ணிக் காட்டி, அவர் தன் வாயால் "வாங்கிக்கிட்டேன்" என்று சொன்ன பிறகுதான் நகரலாம். தலையாட்டினால் செல்லாது. "ம்" கொட்டினாலும் செல்லாது.

இந்த வேலை என் பின்னாலேயே வீட்டுக்கும் வந்துவிட்டதுதான் கொடுமை. குடும்பத்தோடு எங்கே போனாலும் எல்லோருடைய பையும் என் மடியில் வந்து விழும். ராட்டினத்தில் ஏறினாலும் சரி, மலையில் ஏறினாலும் சரி, கீழே பைகளோடு நான். 'டோக்கன் அண்ணி' என்று எனக்குப் பெயர் வைத்தவள் என் நாத்தனார், வீட்டுக்காரரின் ஒரே தங்கை. பள்ளிக்கூடத்தில் நீச்சலில் மூன்றாம் பரிசு வாங்கியவள். அது நடந்து முப்பது வருடம் ஆகிறது. ஆனாலும் வாரத்துக்கு ஒரு முறையாவது அந்தக் கோப்பை பேச்சில் தலைகாட்டிவிட்டுப் போகும்.

போன வருடம் விடுமுறைக்கு ஒரு கடற்கரைக்குப் போயிருந்தோம். வேகப்படகில் கூட்டிக்கொண்டு போய், ஆழமான இடத்தில் நிறுத்தி, நீந்தவிட்டு, திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள். மொத்தம் ஒரு மணி நேரம். அந்தப் படகைப் பார்த்ததும் எனக்கும் ஆசை வந்தது. "நானும் வரட்டுமா?" என்றேன்.

"நீங்க வந்துட்டா பையை யாரு அண்ணி பாக்கறது?" என்று நாத்தனார் சிரித்தாள். வீட்டுக்காரரும் சிரித்தார். என் மகளும் சிரித்தாள். பத்தொன்பது வயது ஆகிறது, அவளுக்காவது தெரிந்திருக்க வேண்டும். அந்த ஒரு மணி நேரமும் மணலில் பைகளை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அழுகை வரவில்லை, கோபம் வந்தது. ஒரு வருடம் வைத்திருந்தாலும் கெட்டுப்போகாத நல்ல கோபம். அடுத்த முறை அந்தப் படகிலிருந்து குதித்து, இவர்கள் மூன்று பேரும் பார்க்க நான் நீந்திக் காட்ட வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

ஊர் திரும்பிய திங்கட்கிழமையே நகராட்சி நீச்சல் குளத்தில் சேர்ந்தேன். கடையில் எனக்கு மதிய ஷிப்ட். குளத்தில் பெண்களுக்கான நேரம் காலை பத்திலிருந்து பதினொன்று. யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஈரத் தலையோடு வேலைக்குப் போய் நின்றால் கடைக் காவலாளி மட்டும், "வெளிய மழையா?" என்பார். "ஆமா, எனக்கு மட்டும்" என்பேன்.

சொல்லிக்கொடுத்தவளுக்கு என் வயதில் பாதிகூட இருக்காது. கழுத்தில் ஒரு விசில், வாயிலும் ஒரு விசில். "ஆன்ட்டி, தண்ணிகிட்ட சண்டை போடாதீங்க. அது உங்கள ஒண்ணும் சொல்லல" என்று கரையிலிருந்து கத்துவாள். முதல் இரண்டு வாரம் மல்லாந்து மிதக்க மட்டும்தான் விட்டாள். நான்காவது மாதம் குளத்தின் அகலத்தைக் கடந்தேன். எட்டாவது மாதம் நீளத்தைக் கடந்தேன். இருபத்தைந்து மீட்டர் நீளம், எனக்கு முப்பத்தொரு கைவீச்சு. முப்பத்தொன்று என்று எண்ணி முடிக்கும்போது கை சுவரில் தட்டும். சுவரைப் பிடித்து மூச்சு வாங்கிவிட்டு, திரும்பி, மறுபடியும் ஒன்று. எண்ணுவதுதான் எனக்குக் கைவந்த வேலையாயிற்றே.

இந்த வருடம் அதே கடற்கரைக்கு வந்த இரண்டாம் நாள் காலை, நீச்சல் உடையைப் போட்டுக்கொண்டு அதன் மேல் நீளச் சட்டையை மாட்டினேன். உள்ளே வேர்த்துக் கொட்டியது. படகுத்துறையில் நாத்தனார் பெரிய மனதோடு, "கரையில விட்டா யாராவது தூக்கிட்டுப் போயிடுவாங்க. அண்ணியும் இந்தத் தடவை படகுலயே வரட்டும், பையோட" என்றாள்.

படகுக்காரர் எல்லோருக்கும் ஆரஞ்சு ஜாக்கெட்டை மாட்டிவிட்டு, "நீச்சல் யாருக்கெல்லாம் தெரியும்?" என்று கேட்டார்.

"மூணு பேருக்கு. அண்ணி பையைப் பாத்துக்குவாங்க."

"நடுக்கடல்ல பையை யாருங்க எடுக்கப்போறாங்க?" என்றார் அவர். எனக்கும் நீச்சல் தெரியும் என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. நானும் சொல்லவில்லை. பயம்தான், மறைப்பானேன்? சொல்லிவிட்டு, இறங்கியபின் முடியாமல் போனால், என் ஆயுசுக்கும் அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள்.

படகு கிளம்பியதும் முன்பக்கம் தூக்கிக்கொண்டது. ஒவ்வொரு அலையிலும் பொத்தென்று விழுந்து எழுந்தது. என் வீட்டுக்காரர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். இருபத்தாறு வருடமாகப் பழகுகிறவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தன் பக்கத்துக்கென்று வைத்த பிரேக்கை மிதித்தே வாழ்கிறவர். அவருடைய வலது கால் படகின் தரையை மிதி மிதி என்று மிதித்தது. "திரும்புறதுக்கு முன்னாடி பின்னால பாக்கவே மாட்டேங்கறான்" என்று முனகினார். ஐந்தாவது நிமிடத்தில் முகம் வெளிறிவிட்டது. எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. முகத்தில் தண்ணீர் வந்து அடிக்க அடிக்கச் சிரித்தேன். பைகள் என் மடியில் குதித்தன.

கரை ஒரு கோடாகத் தெரிகிற இடத்தில் படகுக்காரர் எஞ்சினை நிறுத்தி நங்கூரத்தைப் போட்டார். "இருபது நிமிஷம். அதோ தெரியுது பாருங்க மஞ்ச மேடை, அது வரைக்கும் போகலாம். நாப்பது மீட்டர். அதைத் தாண்டக் கூடாது. நல்லா நீந்தறவங்க ஜாக்கெட்டைக் கழட்டலாம்."

மகள் ஜாக்கெட்டோடு குதித்துப் படகைச் சுற்றிச் சுற்றி வந்தாள். நாத்தனார், "எனக்கெதுக்கு இது?" என்று ஜாக்கெட்டைக் கழற்றி வீசிவிட்டு மேடையை நோக்கிப் போனாள். போய்ச் சேர்ந்து, ஏறி உட்கார்ந்து, கையை ஆட்டினாள். வீட்டுக்காரருக்கும் நீச்சல் தெரியும் என்பது அவரே பரப்பி வைத்திருக்கும் செய்தி. "காத்து ஒரு மாதிரி அடிக்குது. நான் அப்புறமா இறங்கறேன்" என்று இருக்கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

நான் எழுந்தேன். ஜாக்கெட்டையும் சட்டையையும் கழற்றினேன். சட்டையை மடித்துத் துண்டுப் பையில் வைத்தேன். பிறகு ஒவ்வொன்றாக எடுத்து அவர் மடியில் வைத்தேன்.

"உங்க தங்கச்சி கைப்பை ஒண்ணு. பொண்ணோட முதுகுப்பை ரெண்டு. துண்டுப் பை மூணு. செருப்புப் பை நாலு. தண்ணி அஞ்சு. பிஸ்கட் டப்பா ஆறு. போன் எல்லாம் போட்ட உறை ஏழு." கடைசியாக என் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தேன். "எட்டு. எட்டு உருப்படி, எண்ணிக்கோங்க."

"ஏய், என்ன பண்ற நீ?"

"வாங்கிக்கிட்டேன்னு சொல்லுங்க."

அவர் தலையாட்டினார். அது செல்லாது என்று சொன்னேன். அவர் என் நீச்சல் உடையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், மடியில் இருந்ததைப் பார்த்தார். "வாங்கிக்கிட்டேன்" என்றார்.

"அக்கா, உங்களுக்கு நீச்சல்…" என்று படகுக்காரர் இழுத்தார்.

"ஒரு வருஷமா குளத்துல நீந்தறேன்" என்றேன். அவர் கயிறு கட்டிய மிதவை வளையத்தை எடுத்துத் தயாராகக் கையில் வைத்துக்கொண்டார். நல்ல மனிதர், அவருக்கும் ஒரு கவுன்ட்டர் இருக்கிறது. நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு குதித்தேன்.

குளிர் மண்டையில் ஏறியது. வாயெல்லாம் உப்பு. "அம்மா" என்று மகள் அலறியது காதில் விழுந்தது. காதில் போட்டுக்கொள்ளவில்லை. கண்ணாடி இல்லாமல் மேடை ஒரு மஞ்சள் தீற்றலாகத் தெரிந்தது. அதைப் பார்த்துக் கையை வீசினேன். ஒன்று, இரண்டு, மூன்று. அலை தூக்கியது, இறக்கியது. பத்தில் மூச்சு சீரானது. இருபதில், நான் கடலில் நீந்திக்கொண்டிருக்கிறேன் என்பது எனக்கே உறைத்தது. இருபத்தொன்பது, முப்பது, முப்பத்தொன்று.

கை தானாகச் சுவரைத் தேடிப் போனது. சுவர் இல்லை.

ஒரு வருடமாக முப்பத்தொன்றில் சுவரைத் தட்டியே பழகிய கை. அது தண்ணீருக்குள் துழாவியது, கிடைக்காமல் கீழே போனது, அதன் பின்னால் நானும் போனேன். ஒரு வாய் உப்புத் தண்ணீர் உள்ளே இறங்கியது. கால் தரையைத் தேடியது. எத்தனை ஆள் உயரம் போனால் தரை வரும் என்று நினைத்துப் பார்த்ததுதான் தப்பு. மேலே வந்தபோது படகில் வளையத்தைத் தூக்கிப் பிடித்திருக்கும் உருவம் தெரிந்தது. அதைப் பிடித்துக்கொண்டால் உயிர் பிழைத்துவிடும். ஆனால் நாளையிலிருந்து மறுபடி நான் டோக்கன் அண்ணி.

தண்ணீரோடு சண்டை போடுகிறேன் என்பது அப்போதுதான் புரிந்தது. கையையும் காலையும் விட்டேன். மல்லாந்தேன். காது தண்ணீருக்குள் போனதும் எல்லாச் சத்தமும் நின்றது. கடல் என்னைத் தாங்கியது. குளத்தைவிட நன்றாகவே தாங்கியது. வானத்தைப் பார்த்து இருமினேன், மூச்சு வாங்கினேன், படகைப் பார்த்து ஒரு கையைத் தூக்கி வேண்டாம் என்று ஆட்டினேன். சுவர்தானே இல்லை? சுவரைத் தொட்டுவிட்டதாக வைத்துக்கொள்வோம். மேடையைப் பார்த்துக் குப்புறத் திரும்பினேன். ஒன்று.

இருபத்து நான்கில் கை மேடையின் மரத்தில் இடித்தது. இப்படி ஒரு வலி இனிக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். நாத்தனார் கை நீட்டினாள். "ஏறத் தெரியும்" என்று சொல்லிவிட்டு நானே ஏணியில் ஏறி, அவள் பக்கத்தில் தண்ணீர் சொட்டச் சொட்ட உட்கார்ந்தேன். ஜெயித்துவிட்டேன். நெஞ்சு அடித்த அடியில் பலகையே அதிர்ந்திருக்கும்.

"அண்ணி, இதெல்லாம் எப்போ?"

"காலைல பத்துலேர்ந்து பதினொண்ணு வரைக்கும்."

அவள் சிரிக்கவில்லை. படகின் பக்கம் பார்க்காமல் மெதுவாகச் சொன்னாள். "எனக்குத் திரும்பிப் போகத் தெம்பு இல்ல அண்ணி. போன வருஷம்கூட நான் படகுக்குப் பின்னால ஏணியைப் பிடிச்சுக்கிட்டேதான் இருந்தேன். இன்னைக்கு வீம்புக்கு வந்துட்டேன். அண்ணன்கிட்ட சொல்லாதீங்க."

வருடக்கணக்காகச் சேர்த்து வைத்த பதில்கள் என் நாக்கு நுனியில் வரிசை கட்டி நின்றன. ஒன்றையும் சொல்ல மனம் வரவில்லை. அவள் மேல் இருந்த கோபத்தில் பாதி அங்கேயே கரைந்தது. மீதிப் பாதியைப் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டேன், எப்படியும் தேவைப்படும்.

"வா, நான் பக்கத்துலயே வரேன். முப்பத்தொண்ணு வரைக்கும் எண்ணு. அப்புறம் மல்லாந்து படுத்துடு."

"ஏன் முப்பத்தொண்ணு?"

"அங்க ஒரு சுவர் இருக்கு" என்றேன்.

பாதி வழியில் நாங்கள் இரண்டு பேரும் மல்லாந்து கிடந்தோம். அவள் என் விரலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மூச்சு வந்ததும் விரலை விட்டாள். மிச்ச தூரத்தையும் நீந்திப் படகின் ஏணிக்கு வந்து சேர்ந்தோம்.

படகில் ஏறியதும் ஈர ஜாக்கெட்டோடு மகள் என்னைக் கட்டிக்கொண்டாள். பாதி அழுகை, பாதி சிரிப்பு. "வீடியோ எடுக்கலாம்னு ஏறி வந்து போனைக் கேட்டேம்மா. அப்பா தரவே மாட்டேன்னுட்டாரு. எண்ணி வாங்கினதாம், ஒண்ணு குறையக் கூடாதாம்."

வீட்டுக்காரர் எட்டையும் இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண்கள் சிவந்திருந்தன. என்னைப் புதிதாகப் பார்க்கிறவர்போலப் பார்த்தார். "உசிரே போயிடுச்சு எனக்கு" என்றார். மடியில் சரிந்த பையை இழுத்து வைத்துக்கொண்டு, "நல்லா நீந்தற" என்றார். இருபத்து மூன்று வருடத்தில் அவர் என்னைப் பார்த்து நல்லா என்று சொன்ன சந்தர்ப்பங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். இது இன்னொரு விரல்.

பிறகு பைகளை என் பக்கம் நீட்டினார். "இந்தா, எட்டும் சரியா இருக்கு. வாங்கிக்கிட்டேன்னு சொல்லு."

நான் படகுக்காரரைப் பார்த்தேன். "இன்னும் நேரம் இருக்கா தம்பி?"

"அஞ்சு நிமிஷம் இருக்குக்கா. படகைச் சுத்தி ஒரு ரவுண்டு போகலாம்."

"நீங்களே வெச்சிருங்க" என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். "இங்க இப்ப வாங்கிக்க ஆள் இல்ல."

நாத்தனார்தான் முதலில் சிரித்தாள். அவள் சிரித்து முடிப்பதற்குள் நான் மறுபடியும் குதித்துவிட்டேன். இந்த முறை எண்ணவில்லை.